கண்ணாடியை நகர்த்தினால் அணு ஆடுவது தெரியும்

பௌதிகவியல் கேள்வி–பதில்

சென்ற இதழில், ஒரு சில அணுக்களின் அளவே தடிப்புள்ள பதார்த்தங்களில் அணுக்களின் அதிர்வை லேசர் துடிப்புகளால் அளக்கிறார்கள் என்று நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு வந்த கடிதங்களே இம்மாதப் பக்கத்தை நிரப்பிவிட்டன. மனம் நிறைந்த நன்றி. என் ஆராய்ச்சிக் காலம் முழுவதும் நான் செய்த வேலை இது. எத்தனை தடவை கேட்டாலும் அலுக்காமல் பதில் சொல்வேன்.

கேள்வி: ரீச்சர், அணுக்கள் ஒரு செக்கனில் இலட்சம் கோடிக் கணக்கான தடவை அதிர்கின்றன என்கிறீர்கள். அதைப் படம் பிடிக்க அவ்வளவு வேகமான கமெரா எங்கே இருக்கிறது?
— உயர்தர மாணவி, வெள்ளவத்தை

பதில்: அப்படி ஒரு கமெரா இல்லை, பிள்ளை. வேண்டியதும் இல்லை. இந்த ஆய்வுமுறையில் எனக்கு மிகப் பிடித்த பகுதியே அதுதான்: காலத்தை அளக்க இங்கே கடிகாரம் கிடையாது, நீளத்தை அளக்கும் ஒரு மேடை மட்டுமே உண்டு.

மொலிப்தனம் இருசல்பைட்டின் ஒற்றைப் படையை எடுத்துக்கொள். நடுவில் மொலிப்தனம் அணுக்கள். அவற்றுக்கு மேலும் கீழும் கந்தக அணுக்கள். மொத்தத் தடிப்பு ஏறத்தாழ 0.65 நனோமீற்றர். இப்படி ஒழுங்காக அடுக்கிய அணுக்களின் அமைப்பைச் சாலகம் என்போம். இந்தச் சாலகத்துக்குப் பல அதிர்வுகள் உண்டு. அவற்றுள் ஒன்றில், மொலிப்தனம் அசையாமல் நிற்க, மேற்படைக் கந்தகமும் கீழ்ப்படைக் கந்தகமும் எதிரெதிராக விலகி நெருங்கும். அதன் மீடிறன் ஏறக்குறைய 12 டெராஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்குப் 12 இலட்சம் கோடி அலைவுகள். ஓர் அலைவுக்கு 82 ஃபெம்டோசெக்கன் ஆகும். ஃபெம்டோசெக்கன் என்பது செக்கனின் பத்துக் கோடி கோடியில் ஒரு பங்கு.

இதை எப்படிப் பிடிக்கிறார்கள்? ஒரே லேசர் துடிப்பை இரண்டாகப் பிரிக்கிறார்கள். வலிமையான பகுதி முதலில் போய்ப் பதார்த்தத்தைத் தட்டி அதிர்வைத் தொடக்கி வைக்கிறது. அதைத் தூண்டும் துடிப்பு என்போம். வலிமை குறைந்த மற்றப் பகுதி சற்றுப் பிந்தி வந்து அதே இடத்தில் பட்டுத் தெறிக்கிறது. அது பார்க்கும் துடிப்பு. அணுக்கள் இருந்த இடத்திலிருந்து சற்று விலகினாலும் பதார்த்தம் ஒளியைத் தெறிக்கச் செய்யும் அளவு மாறும். எனவே பார்க்கும் துடிப்பு எவ்வளவு பிரகாசத்தோடு திரும்பி வருகிறது என்பது, அது போய்ச் சேர்ந்த கணத்தில் அணுக்கள் எங்கே நின்றன என்பதைச் சொல்லிவிடுகிறது.

இனி, ‘சற்றுப் பிந்தி’ என்பதை எப்படி உண்டாக்குவது? பார்க்கும் துடிப்பு போகும் பாதையில், நகரும் மேடை ஒன்றின்மேல் கண்ணாடிகளை ஏற்றி வைக்கிறார்கள். மேடையை ஒரு மைக்குரோமீற்றர் பின்னே இழுத்தால், ஒளி போகவும் வரவுமாக இரண்டு மைக்குரோமீற்றர் கூடுதலாக ஓட வேண்டும். அதற்கு 6.7 ஃபெம்டோசெக்கன் பிடிக்கும். கணக்கை நீயே போட்டுப் பார்: அந்தக் கந்தக அணுக்களின் ஒரு முழு அலைவைக் கடக்க மேடை ஏறக்குறைய 12 மைக்குரோமீற்றர் நகர்ந்தால் போதும். ஒரு தலைமயிரின் தடிப்பில் அது சிறு பங்குதான்.

ஒளியுணரி மந்தமானதாகவே இருக்கலாம். மேடையின் ஒவ்வொரு நிலையிலும் சராசரிப் பிரகாசத்தை மட்டும் அது சொன்னால் போதும். நாம் பயன்படுத்தும் லேசர் செக்கனுக்கு 8 கோடி துடிப்புகளை அனுப்புகிறது. இரண்டு துடிப்புகளுக்கு நடுவே 12.5 நனோசெக்கன் இடைவெளி (ஒரு நனோசெக்கன் பத்து இலட்சம் ஃபெம்டோசெக்கன்). அதற்குள் பழைய அதிர்வு முற்றாக அடங்கி, பதார்த்தம் அடுத்த தட்டுக்குத் தயாராகிவிடும். ஒவ்வொரு தட்டும் அதிர்வை ஒரே அவத்தையில், அதாவது அலைவின் ஒரே கட்டத்தில், தொடக்குவதால் கோடிக்கணக்கான தட்டுகளின் விளைவைக் கூட்டிச் சராசரி எடுக்கலாம்.

கூட்டித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் தெறிப்பில் ஏற்படும் மாற்றம் இலட்சத்தில் ஒரு பங்கு, சில வேளை பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. தூண்டும் துடிப்பின் பாதையில் துளைகள் வெட்டிய ஒரு தட்டைச் சுழலவிட்டு, ஒளியைச் செக்கனுக்கு ஆயிரம் தடவை அளவில் மறைத்துத் திறப்பார்கள். அந்தத் தாளத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் சைகையை மட்டும் ஒரு பெருக்கி பொறுக்கி எடுக்கும். அறை விளக்கின் ஒளி, லேசரின் தளம்பல் எல்லாம் அந்தத் தாளத்துக்கு ஒத்துவராமல் விழுந்துவிடும். இரவில் ஆய்வுகூடத்தில் தனியே இருக்கும்போது அந்தச் சுழல்தட்டின் ரீங்காரம் மட்டுந்தான் கேட்கும். மேடை அடியடியாக நகர, திரையில் வெறும் இரைச்சலாக இருந்த கோடு மெல்லமெல்ல ஓர் அலையாகத் தெளிந்து வரும். அணுக்கள் ஆடுவதை அப்போது நான் உண்மையாகவே பார்த்தேன் என்றுதான் சொல்வேன். ‘மறைமுகமாக ஊகித்தேன்’ என்று சொல்ல எனக்கு மனம் வராது.

கேள்வி: சாலக அதிர்வுகளின் மீடிறனை இராமன் விளைவே 1928 முதல் தந்து வருகிறதே. ஒரு சாதாரண லேசரும் நிறமாலைமானியும் போதுமான இடத்தில் இந்த விலை கூடிய துடிப்புகள் எதற்கு?
— ஓய்வுபெற்ற இரசாயனவியலாளர், கொட்டாஞ்சேனை

பதில்: ஐயா, உங்கள் கேள்வி நியாயமானது. மீடிறன் மட்டும் வேண்டுமென்றால், சிதறும் ஒளியின் நிறமாற்றத்தைப் பார்க்கும் இராமன் முறையே போதும் என்று நானும் சொல்வேன். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. இராமனும், வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும் கல்கத்தாவில் அதைக் கண்டார்கள். 1930இல் நோபல் பரிசு இராமனுக்கு மட்டும் கிடைத்தது. கிருஷ்ணனின் பெயரையும் சேர்த்துச் சொல்லாமல் இந்த விளைவைப் பற்றி நான் வகுப்பில் பேசுவதே இல்லை.

532 நனோமீற்றர் பச்சை லேசரை மொலிப்தனம் இருசல்பைட்டின்மேல் செலுத்தினால், மேலே சொன்ன கந்தக அதிர்வு அந்த ஒளியில் ஒரு சிறு பங்கைச் சத்தி குறைத்து ஏறக்குறைய 544 நனோமீற்றராக அனுப்புகிறது. அலையெண்ணில், அதாவது ஒரு சென்ரிமீற்றரில் எத்தனை அலைகள் அடங்கும் என்ற கணக்கில், அந்த மாற்றம் 405 என்ற அளவு. 2010இல் இப்பதார்த்தத்தின் படைகளை எண்ணவே இம்முறையைப் பயன்படுத்தினார்கள். கந்தகம் மேலும் கீழும் ஆடும் அதிர்வுக்கும், அணுக்கள் தளத்திலேயே பக்கவாட்டில் ஆடும் அதிர்வுக்கும் இடையே உள்ள அலையெண் வித்தியாசம் ஒற்றைப் படையில் 18 அளவில் இருக்கும். படைகள் கூடக்கூட அது 25 வரை விரியும். எளிமையான, அழகான அளவீடு.

ஆனால் தாழ்ந்த மீடிறன்களில் இடர் தொடங்குகிறது. கிராஃபீன் என்பது ஓர் அணுத் தடிப்பில் விரிந்த காபன் படை. இரண்டு கிராஃபீன் படைகள் ஒன்றின்மேல் ஒன்று சறுக்கி ஆடும் அதிர்வின் அலையெண் 31தான். 532 நனோமீற்றர் ஒளி அதனால் 532.9 ஆகத்தான் மாறும். சத்தி மாறாமலே சிதறி வரும் ஒளியின் பக்கத்தில், அதனிலும் எத்தனையோ மடங்கு மங்கலாக, அது நிற்கிறது. இன்று அதைப் பிரித்தெடுக்கும் சிறப்பு வடிகட்டிகள் உண்டு. துடிப்பு முறைக்கோ தாழ்ந்த மீடிறனே வசதியானது: மெதுவான அலைவு, திரையில் அகலமான அலை.

இன்னொன்று, எனக்கு இதுவே முதன்மையானது. இராமன் நிறமாலை அதிர்வின் மீடிறனைச் சொல்லும். அது எப்படித் தொடங்கியது என்பதைச் சொல்லாது. துடிப்பு முறையில் முதல் கணத்தையே பார்க்கிறோம். உயர்தரப் பாடத்தில் எளிய இசை இயக்கம் படித்தவர்களுக்கு இது உடனே விளங்கும். பதார்த்தம் ஒளியை உறிஞ்சாவிட்டால் துடிப்பு அணுக்களுக்கு ஓர் உதை மட்டும் கொடுக்கிறது. சமநிலைப் புள்ளியிலிருந்து வேகத்தோடு கிளம்பும் அவற்றின் அலைவு சைன் வடிவில் தொடங்கும். ஒளி உறிஞ்சப்பட்டால் இலத்திரன்கள் மேலெழும்பி, அணுக்களின் சமநிலைப் புள்ளியே திடீரென இடம் மாறிவிடும். நின்ற இடத்திலேயே நிற்கும் அணுக்கள் இப்போது புதிய சமநிலையிலிருந்து விலகி நிற்பவையாகிவிடுகின்றன. அவற்றின் அலைவு கோசைனாகத் தொடங்கும். திரையில் வரும் அலை எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்த்தே, இலத்திரன்களுக்கும் சாலகத்துக்கும் இடையே நடந்தது என்ன என்று அறியலாம்.

அதன் பிறகு வருவது தணிவு. அந்த அலை எத்தனை பிக்கோசெக்கன் (ஆயிரம் ஃபெம்டோசெக்கன்) நிலைக்கிறது, வெப்பநிலை கூடினால் எவ்வளவு விரைவாக அடங்குகிறது, தூண்டும் ஒளியைக் கூட்டினால் அதன் மீடிறன் இறங்குகிறதா என்பவற்றில்தான் என் இளமைக்காலம் போயிற்று. அதிர்வு அடங்குவது என்றால் அதன் சத்தி வேறு அதிர்வுகளுக்குள் பங்கிடப்படுகிறது என்று பொருள். ஒரு திரான்சிஸ்ரர் சூடாவதும் அந்தச் சூடு வெளியேறுவதும் இந்தப் பங்கீட்டால்தான். அதிர்வு பிறந்த கதையையும் அடங்கிய கதையையும் ஒரே அளவீட்டில் தருவதற்காகத்தான் ஐயா, அந்த விலையைக் கொடுக்கிறோம்.

கேள்வி: இந்த லேசர்களுக்குள் நீலக்கல் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அது இரத்தினபுரிக் கல்லாக இருக்குமா?
— நகைத் தொழில் செய்பவர், செட்டியார் தெரு

பதில்: இல்லை. ஆனால் இரண்டும் ஒரே பதார்த்தம்: அலுமினியம் ஒட்சைட்டுப் பளிங்கு. லேசருக்குப் பயன்படுவது உலையில் வளர்க்கப்பட்டது. அதில் சில அலுமினியம் அணுக்களின் இடத்தில் தைத்தானியம் இருக்கும். பச்சை ஒளியை உறிஞ்சுவதால் கல் இளஞ்சிவப்பாகத் தெரியும். நம் நீலக்கல்லுக்கு நிறம் தருவது தைத்தானியமும் இரும்பும் சேர்ந்த கூட்டு. உங்களுக்குக் கெவுடாக் கல் தெரிந்திருக்கும். அதன் பால்போன்ற மங்கலில் பெரும்பங்கு தைத்தானியம் ஒட்சைட்டின் நுண்ணிய ஊசிகளால் வருவது. 1500 பாகைக்கு மேல் சூடாக்கும்போது அந்தத் தைத்தானியம் பளிங்குக்குள் கரைந்து, அங்குள்ள இரும்போடு சேர்ந்து நீலமாகிறது. லேசருக்கு இரும்பும் ஆகாது, ஊசிகளும் ஆகா, ஒளியைச் சிதறடித்துவிடும்.

1982இல் பீற்றர் மோல்ற்றன் என்பவர் அமெரிக்காவின் லிங்கன் ஆய்வுகூடத்தில் இந்த லேசரை முதலில் இயக்கினார். இது ஏறத்தாழ 650 முதல் 1100 நனோமீற்றர் வரை ஒளி தரக்கூடியது, அந்த அகலந்தான் அதன் பெருமை. குறுகிய துடிப்பு வேண்டுமென்றால் பல நிறங்கள் சேர வேண்டும்: 800 நனோமீற்றரை நடுவாகக் கொண்ட 10 ஃபெம்டோசெக்கன் துடிப்புக்கு 90 நனோமீற்றருக்கும் மேற்பட்ட அலைநீள அகலம் தேவை. அதைத் தர வல்ல பளிங்குகள் மிகச் சில.

கேள்வி: ஒற்றைப் படை, இரட்டைப் படை என்று எண்ணுவதால் அதிர்வில் என்ன மாறிவிடுகிறது? என் மாணவர்களுக்குக் கரும்பலகையில் காட்டக்கூடிய ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.
— பௌதிகவியல் ஆசிரியர், பம்பலப்பிட்டி

பதில்: சேர், இந்தக் கடிதத்தைப் படித்ததும் எழுதுகோலை எடுத்துவிட்டேன். கரும்பலகையில் முழுதாக முடிக்கக்கூடிய கணக்கு ஒன்று இருக்கிறது.

நாம் காரீயம் என்பது கிராஃபைற்று, கிராஃபீன் படைகளின் அடுக்கு. காரீயத்தில் ஒரே படைக்குள் இருக்கும் காபன் அணுக்கள் மிக வலிமையாகப் பிணைந்திருக்கின்றன. அவற்றின் அதிர்வு 47 டெராஹேர்ட்ஸ். ஓர் அலைவுக்கு 21 ஃபெம்டோசெக்கன். படைகள் எத்தனை ஆனாலும் இது பெரிதாக மாறாது. ஆனால் படைக்கும் படைக்கும் இடையிலான பிணைப்பு மிக மெலிது. அங்கே ஒவ்வொரு படையும் முழுதாக அசையும்: ஏட்டுச்சுவடியின் ஓலைகள் ஒன்றின்மேல் ஒன்று சறுக்குவது போலப் பக்கவாட்டில் ஒருவகை, ஓலைகள் விரிந்து நெருங்குவது போல மேலும் கீழுமாக இன்னொருவகை. ஒற்றைப் படையில் இவை இரண்டுமே கிடையா.

சறுக்கும் அதிர்வை எடுப்போம். ஒவ்வொரு படையையும் திணிவு m ஆகவும், இரு படைகளுக்கு இடையிலான பிணைப்பை வில் மாறிலி k ஆகவும் கொள்ளுங்கள். இரண்டு படைகள் என்றால் கோண மீடிறனின் வர்க்கம் 2k/m. மூன்று படைகளின் உச்ச அதிர்வுக்கு 3k/m. முடிவில்லாத அடுக்குக்கு 4k/m. இப்போது அளவீட்டைப் பாருங்கள்: இரட்டைப் படையில் அலையெண் 31, தடித்த காரீயத்தில் 43.5. வர்க்கம் எடுத்துப் பங்கிட்டால் 961க்கு 1892, ஏறக்குறைய ஒன்றுக்கு இரண்டு. இரண்டு திணிவும் ஒரு வில்லும் வைத்துப் போட்ட கணக்கு, உண்மையான பதார்த்தத்தில் இவ்வளவு துல்லியமாகப் பொருந்துகிறது! மூன்று படைக்கு என்ன வரும் என்று மாணவர்களையே கேளுங்கள். 38க்குச் சற்றுக் குறைவாக வரும். அளவீடும் அதையே சொல்கிறது.

காலத்தில் பார்த்தால், தடித்த காரீயத்தில் ஒரு சறுக்கலுக்கு 0.77 பிக்கோசெக்கன், இரட்டைப் படையில் 1.08. மேடையின் கண்ணாடியை 0.16 மில்லிமீற்றர் நகர்த்தினால் இரட்டைப் படையின் ஓர் அலைவு முழுதாகத் திரையில் வந்துவிடும். 2013இல் இதை இரட்டைப் படை முதல் பல படைகள் வரை துடிப்பு முறையிலேயே அளந்து காட்டினார்கள்.

நடைமுறைச் சிக்கல் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பாடநூல்கள் இதைத் தொடுவதில்லை. ஒட்டுநாடாவால் உரித்தெடுத்த படை பெரும்பாலும் சில மைக்குரோமீற்றர் அகலந்தான் இருக்கும். 2004இல் மான்செஸ்ரரில் கைமும் நோவோசெலோவும் கிராஃபீனைப் பிரித்ததும் இப்படித்தான். அவ்வளவு சிறிய இடத்தில் ஒளியைக் குவிக்க நுணுக்குக்காட்டி வில்லை வேண்டும். வில்லை என்றால் தடித்த கண்ணாடி. 10 ஃபெம்டோசெக்கன் துடிப்பு ஒரு சென்ரிமீற்றர் சிலிக்காக் கண்ணாடியைக் கடந்தால் 100 ஃபெம்டோசெக்கனாக நீண்டுவிடும், ஏனெனில் சிவப்பு முந்த நீலம் பிந்தும். அலைவுகாலத்தை விட நீண்ட துடிப்பால் அந்த அதிர்வைத் தொடக்கவும் முடியாது, பார்க்கவும் முடியாது. எனவே நீலத்தை முன்கூட்டியே முந்தவிட்டு அனுப்ப வேண்டும். அதற்கென அரியச் சோடிகளும் சிறப்பாகப் பூசிய கண்ணாடிகளும் உண்டு. பதார்த்தத்தைத் தொடுகின்ற கணத்தில் எல்லா நிறங்களும் ஒன்றாக வந்து சேருமாறு அவற்றைச் சரிசெய்வதில்தான் ஓர் ஆய்வு மாணவரின் பொறுமை முழுவதும் தேவைப்படுகிறது.

கேள்வி: என் மகள் இத்தகைய லேசர் ஆய்வுக்காக வெளிநாடு போகிறாள். கண்ணுக்கு ஆபத்தா?
— தாய், மட்டக்குளி

பதில்: ஆபத்து உண்டு அம்மா, கவனமாக இருந்தால் தவிர்க்கலாம். 800 நனோமீற்றர் ஒளி கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. ஆனால் கண்வில்லை அதையும் விழித்திரையில் குவித்துவிடும். தெரியாத ஒளிக்குக் கண் இமைக்காது, விழித்திரைக்கு வலியும் தெரியாது. மகளிடம் இவற்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: வளையல், மோதிரம், கைக்கடிகாரம், தொங்கும் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டே உள்ளே போக வேண்டும். மேசை மட்டத்துக்குக் கண்ணைத் தாழ்த்தக் கூடாது. கீழே விழுந்ததை எடுப்பதானாலும் ஒளியை மறைத்துவிட்டே குனிய வேண்டும். அந்தந்த அலைநீளத்துக்கென்று செய்த பாதுகாப்புக் கண்ணாடியை, மற்றவர்கள் அணியாவிட்டாலும், அவள் அணிய வேண்டும். ‘ஒரு நிமிட வேலைதானே’ என்று அதைக் கழற்றும்படி யார் சொன்னாலும் மறுக்கும் துணிவு அவளுக்கு வேண்டும். அதற்கு உங்கள் சொல் துணை நிற்கும்.

கேள்வி: காரீயம் நம் நாட்டில் தோண்டுகிறோம். இந்த ஆய்வை மட்டும் ஏன் இங்கே செய்ய முடியாது?
— பல்கலைக்கழக மாணவர், தெமட்டகொடை

பதில்: செய்ய முடியும் என்றே நம்புகிறேன், தம்பி. கேகாலை மாவட்டத்துப் போகலவிலும் குருநாகல் மாவட்டத்துக் கஹட்டகஹவிலும் கிடைப்பது பாறைப் பிளவுகளில் நாளமாகப் படிந்த காரீயம். தோண்டியெடுக்கும்போதே காபன் 90 வீதத்துக்கு மேல். ஹோமாகமையிலுள்ள இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவனத்தில் நம் காரீயத்திலிருந்து கிராஃபீன் வகைகளை ஆக்கும் வேலை நடந்திருக்கிறது. எனவே பதார்த்தத்துக்குக் குறைவில்லை.

துடிப்பு லேசர் விலை கூடியது, அதை விடக் கடினமானது அதற்கான அறை. வெப்பநிலை ஒரு பாகைகூட ஏறி இறங்காமல், காற்றில் ஈரம் இல்லாமல் ஆண்டு முழுவதும் வைத்திருக்க வேண்டும். கடலோரத்து உப்புக் காற்று கண்ணாடிப் பூச்சுகளுக்கு ஆகாது. கரையோர ரயில் போகும்போது நிலம் அதிர்வதை வெள்ளவத்தையில் இருப்பவர்கள் அறிவார்கள். ஆகவே நான் ஒரு லேசரை வாங்கும்படி சொல்வதற்கு முன், ஒரு நல்ல அறையைக் கட்டும்படியே சொல்வேன். கொழும்பை விட்டு உள்ளே தள்ளிக் கட்டினால் இன்னும் நல்லது. அதுவரை நீங்கள் படிக்க வேண்டியவை தணித்த அலைவும் ஃபூரியர் உருமாற்றமும். அளவீட்டில் வரும் அலையைப் பிரித்து, எந்த மீடிறன் எவ்வளவு காலம் நிலைத்தது என்று கண்டுபிடிக்கும் நிரலை எந்தச் சாதாரணக் கணினியிலும் எழுதலாம். அது கைவந்தவரை எந்த ஆய்வுக் குழுவும் விரும்பிச் சேர்த்துக்கொள்ளும்.

கேள்வி: 2023 நோபல் பரிசு அட்டோசெக்கன் துடிப்புகளுக்குக் கிடைத்ததே. அவற்றைப் பயன்படுத்தினால் சாலக அதிர்வு இன்னும் தெளிவாகத் தெரியாதா?
— அதே வெள்ளவத்தை மாணவி, இரண்டாம் கடிதத்தில்

பதில்: தெரியாது, பிள்ளை. அட்டோசெக்கன் ஃபெம்டோசெக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கு. அது இலத்திரன்களின் ஓட்டத்தைப் பார்ப்பதற்கு உரியது. அணுக்கரு இலத்திரனை விடப் பல ஆயிரம் மடங்கு கனமானது. அந்த நேரத்துக்குள் அது அசைந்திருக்கவே மாட்டாது. கிராஃபீனின் 21 ஃபெம்டோசெக்கன் அலைவுக்கே 10 ஃபெம்டோசெக்கனுக்குட்பட்ட துடிப்பு போதும். மொலிப்தனம் இருசல்பைட்டுக்கு 30 இருந்தாலே அலை நன்றாகத் தெரியும்.